கையடக்கத் தையல் கருவி: கிழிசலுக்கு உதவுமா?

வீட்டுக் கிழிசலை வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில், ஸ்டேப்ளர் போன்ற தோற்றத்தில் இணையக் கடைகளில் விற்கப்படும் கையடக்கத் தையல் கருவி ஒன்றை 449 ரூபாய்க்கு வாங்கினேன். நான்கு பென்சில் பேட்டரிகளில் ஓடுகிறது. ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

முதலில் தைத்த தலையணை உறை அழகாகவே அமைந்தது. அந்த நம்பிக்கையில் மகளின் பள்ளிச் சீருடைப் பாவாடையின் அடிமடிப்பையும் தைத்துக் கொடுத்தேன். மாலையில் அவள் மடிப்பு முழுவதும் தொங்க வீடு திரும்பினாள். காரணம் பிறகுதான் விளங்கியது. வழக்கமான தையல் மெஷினில் மேலே ஊசி நூலும், அடியில் பாபின் என்ற சிறு நூல் உருளையிலிருந்து வரும் நூலும் துணிக்கு நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. இந்தக் கருவியில் பாபினே கிடையாது. ஒரே நூல் அடிப்பக்கத்தில் வளையம் வளையமாகத் தன்னையே கோத்துக்கொண்டு போகிற சங்கிலித் தையல் இது. அரிசி மூட்டையின் வாயைப் பிரித்துப் பழகியவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: சரியான நுனி கையில் சிக்கினால், ஒரே இழுப்பில் முழுத் தையலும் சரசரவென்று கழன்றுவிடும். தைத்து முடித்ததும் நூல் நுனியைக் கடைசி வளையத்துக்குள் நுழைத்து இறுக்கி முடிச்சுப் போட்டால் இதை ஓரளவு தடுக்கலாம். பெட்டியோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அதைவிடப் பெரிய குறை, கருவியின் வாய் இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் துணியை வாங்காது என்பது. கிழிசலோ முழங்காலிலும் அக்குளிலும்தான் வருகிறது. அங்கே இது எட்டுவதே இல்லை. ஜீன்ஸ் மடிப்பில் வைத்தால் மோட்டார் முனகிவிட்டு நின்றுவிடுகிறது.

கடைசியில் ஊசியைத்தான் கையில் எடுக்க வேண்டியிருந்தது. ஜீன்ஸ் முழங்காலுக்கு, பழைய ஜீன்ஸிலிருந்தே ஒரு துண்டை, கிழிசலைவிடச் சுற்றிலும் ஓர் அங்குலம் பெரிதாக, மூலைகளை வளைத்து வெட்டி, உட்புறமாக வைத்துத் தைத்தேன். துவைக்காத புதுத் துணியை வைத்தால், அது சுருங்கும்போது சுற்றியுள்ள துணியையும் சேர்த்து இழுத்துவிடும். ஒரு தையல் தூரம் முன்னே ஊசியை வெளியே எடுத்து, முந்தைய தையல் முடிந்த புள்ளியிலேயே திரும்பக் குத்துகிற பின் தையலைத்தான் போட்டேன். வரிசை கோணலாகத்தான் வந்தது, நாற்பது நிமிடமும் ஆயிற்று. ஆனால் பல துவைப்புகளுக்குப் பிறகும் ஒட்டு அசையவில்லை. கைத்தையல் ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும் என்பதும், மெஷின் ஊசியில் அது நேர்மாறு என்பதும் இரண்டு ஊசிகளை ஒடித்த பின் அறிந்துகொண்டவை.

கிழிசல் தைப்பதற்கென்று இந்தக் கருவியை வாங்க வேண்டாம். இந்த விலைக்கு ஊசிகள், நான்கைந்து நிற நூல்கண்டுகள், ஒரு சிறு கத்தரி எல்லாம் வாங்கிவிடலாம். என்னுடையதைத் தூக்கி எறியவில்லை. கையால் தைப்பதற்கு முன் மடிப்பு நகராமலிருக்கத் தற்காலிகமாக ஓர் ஓட்டு ஓட்டுவதற்கு மட்டும் எடுக்கிறேன். வேலை முடிந்ததும் நுனியைப் பிடித்து இழுத்தால், அரிசி மூட்டையைப் போலவே, மிச்சமின்றி வந்துவிடுகிறது.