யுக்கா பூவுக்குள் இருக்கும் வெள்ளைப்பூச்சி: அசலா, போலியா?

வட அமெரிக்காவில் யுக்கா செடி பூக்கும் நாட்களில், கவிழ்ந்து தொங்கும் பூவை நிமிர்த்திப் பார்த்தால் உள்ளே சின்னதாய் ஒரு வெள்ளை அந்துப்பூச்சி ஒடுங்கியிருக்கும். உடனே அதை யுக்காவின் மகரந்தச் சேர்க்கையாளரான டெஜெடிகுலா யுக்காசெல்லா என்று எழுதிவிடுகிறார்கள். அதே பூவில், மகரந்தம் சுமக்காத போலியான புரோடாக்சஸ் என்ற பேரினப் பூச்சியும் பகலைக் கழிக்கும். அதில் ஓர் இனத்துக்கு 'ஏமாற்றுகிற' என்ற பொருளில் டெசிபியன்ஸ் என்றே பெயர் வைத்தார் பூச்சியியலாளர் சார்லஸ் ரைலி.

இறக்கையை நம்பாதீர்கள். டெஜெடிகுலா விரித்தால் 18 முதல் 27 மி.மீ.; முன்னிறக்கை வெறும் வெள்ளை, பின்னிறக்கை சாம்பல் பழுப்பு. புரோடாக்சஸ் கொஞ்சம் சிறியது. அதில் குவின்குபங்டெல்லஸ், பெயருக்கேற்ப ஐம்புள்ளிக்காரர். ஆனால் டெசிபியன்ஸில் பெரும்பாலும் புள்ளியே இராது. கலிபோர்னியாவில் இன்னும் குழப்பம்: அங்குள்ள டெஜெடிகுலா மாகுலேட்டாவுக்கும் கரும்புள்ளி உண்டு.

வாயைப் பாருங்கள். பூச்சியைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, சில நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் அடங்கிவிடும். பிறகு 10 மடங்கு லென்ஸில் தலைக்கு அடியில் பாருங்கள். வாயோடு ஒட்டிய, சுருண்ட இரண்டு உணர்கைகளும் (தலைமேல் நீளும் கொம்புகள் அல்ல), அவற்றில் அணைத்த மஞ்சள் மகரந்த உருண்டையும் தெரிந்தால் அது பெண் டெஜெடிகுலா. உருண்டை இல்லாவிட்டாலும் உணர்கை இருந்தால் போதும். உணர்கையே இல்லையென்றால் அவசரப்பட வேண்டாம்: ஆணுக்கும் அது கிடையாது.

இன்னொரு பொறியும் உண்டு. டெஜெடிகுலா இன்டர்மீடியா, கொரப்ட்ரிக்ஸ் இரண்டும் அதே பேரினம்தான். ஆனால் மகரந்தம் சுமக்கும் வழக்கத்தையே விட்டவை. பூவில் அல்ல, பச்சைக் காயில் முட்டையிடும் பெண்ணைக் கண்டால் இவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். 1999இல் ஆய்வாளர் ஓலே பெல்மிர் யுக்காசெல்லா கூட்டத்தைப் பல இனங்களாகப் பிரித்தார்; அதற்கு முந்தைய கையேட்டில் 'யுக்காசெல்லா' என்றிருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

பூச்சி கிடைக்கவில்லையா, புழுவைத் தேடுங்கள். இது இன்னும் தெளிவு. காய்க்குள் விதை வரிசையைத் தின்று, முதிர்ந்ததும் இளஞ்சிவப்பாகி, மார்புக் கால்களோடு இருப்பது டெஜெடிகுலா. காயைத் துளைத்து வெளியேறி மண்ணுக்குள் கூடு கட்டும். புரோடாக்சஸ் டெசிபியன்ஸின் புழுவுக்குக் காலே இல்லை. பூந்தண்டைக் குடைந்து, குளிர்காலத்திலும் காய்ந்த தண்டுக்குள்ளேயே இருக்கும். தண்டைப் பிளந்து புழுவைக் கண்டவர்கள் அடுத்த ஆண்டே பூச்சி வரும் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். புரோடாக்சஸ் ஒய்-இன்வெர்சஸ் 16, 17 ஆண்டுகள் உறங்கிய பிறகும் கூட்டமாக வெளிவந்ததைப் பூச்சியியலாளர் ஜெரி பவல் பதிவு செய்திருக்கிறார்.