வலப்பக்கம் ஸ்டேப்ளர் பின் அடிக்கும் புத்தகமும் லிப்ரே ஆபீஸும்: 7 வருடப் புழக்கம்

பொள்ளாச்சியில் அச்சகம் வைத்திருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "துஆ புத்தகம், பிரார்த்தனைப் புத்தகம் ஒண்ணு வந்திருக்குடா. அரபும் தமிழும், பக்கத்துக்கு ரெண்டு பத்தி. நீ எதுல போடற?" லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்றேன், வேர்டு மாதிரி ஒரு இலவச மென்பொருள். சிரித்தான். டிடிபிக்காரன் வெளியில் சொல்லிக்கொள்கிற பெயரில்லைதான்.

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் கடை போட்டு 7 வருடமாக எனக்கு அதில்தான் பிழைப்பு. இந்தப் பக்கம் தமிழ் நோட்டீஸும் வரும், மலையாளக் கல்யாணக் கார்டும் வரும். எங்களைப் போன்ற பாலக்காட்டு ராவுத்தர்களுக்கு வீட்டுப் பேச்சு தமிழ், கடைத்தெருவில் மலையாளம், மதரஸாவில் ஓதுவது அரபு. நிக்காஹ் பத்திரிகை என்றால் மூன்று எழுத்தும் ஒரே தாளில் சண்டை போடாமல் உட்கார வேண்டும்.

நண்பன் பயந்தது பத்தி வரிசைக்கு. அரபு வரி ஒழுங்காக வலமிருந்து ஓடும், ஆனால் முதல் பத்தி இடப்பக்கம் போய் நிற்கும். படிப்பவர் நடுவிலிருந்து ஆரம்பிப்பார். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ரைட்டரில் மொழி அமைப்புக்குப் போய் சிடிஎல் (தமிழ், அரபு போன்ற சிக்கலான எழுத்துகளுக்கானது) வசதியை ஆன் செய்தால் பேஜ் ஸ்டைலில் உரைத் திசை என்று ஒன்று முளைக்கும். அதை வலமிருந்து இடம் என்று மாற்றினால் போதும், பத்திகள் தாமே இடம் மாறிக்கொள்ளும். கட்டளை எழுதிப் பக்கம் அமைக்கும் டெக் (TeX) மென்பொருள் தெரிந்தவர்கள் அதன் மல்டிகால் தொகுப்பில் ஒற்றைக் கட்டளையில் இதைச் செய்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அப்புறம், அரபுக்கு நேரே அதன் தமிழ் நிற்க வேண்டுமென்றால் பத்தி போடவே கூடாது, டேபிள்தான். திசை மாற்றிய டேபிளில் முதல் கட்டம் வலப்பக்கம் வரும், டேப் தட்டினால் இடப்பக்கம் நகரும். முதல் நாள் கை தடுமாறும், அவ்வளவுதான்.

நான் எதிர்பாராத சந்தோஷம் பிரிண்ட் பெட்டியில் இருந்தது. ப்ரோஷர் (நடுவில் மடிக்கும் புத்தகம்) என்று தேர்ந்தெடுத்தால் வலமிருந்து எழுதும் எழுத்தா என்று அதுவே கேட்கிறது. ஆமாம் என்றால் பக்கங்களை அதற்கேற்ப அடுக்கித் தருகிறது. முதல் டம்மியை (மாதிரிப் பிரதி) மடித்து அத்தாவிடம் (அப்பா) கொடுத்தேன். "பின்னு எந்தப் பக்கம்?" என்றவர் வலப்பக்கம் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அத்தாவிடம் அதற்கு மேல் பாராட்டு கிடைக்காது.

இனி என் வயிற்றெரிச்சல். இதில் ஃபான்ட் வைக்க மூன்றே அறை. ஒன்று இங்கிலீஷ் வகையறாவுக்கு, ஒன்று சீனம் ஜப்பான் வகைக்கு, மிச்சமுள்ள ஒன்றில் தமிழ், மலையாளம், அரபு மூவரும் குடித்தனம். ஓர் அறைக்கு ஒரு ஃபான்ட், ஒரு அளவு. தமிழுக்கு 11 பாயிண்ட் போதும். ஜபர், ஜேர் என்ற உயிரொலிக் குறிகளோடு வரும் அரபுக்கு அமீரி ஃபான்ட்டில் 18 வேண்டும். முழுப் பாரா அரபு என்றால் தனி ஸ்டைல் போட்டுத் தப்பிக்கலாம். தமிழ் வாக்கியத்துக்கு நடுவே ஒரு அரபுச் சொல் வந்தால், அது ஏதோ ஒரு ஃபான்ட்டில், அதே 11-இல், எறும்பு மாதிரி நிற்கும். தேடு பெட்டியில் 0600 முதல் 06எஃப்எஃப் வரை அரபு எழுத்துகளின் யுனிகோட் எண் எல்லையைக் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிடித்து கேரக்டர் ஸ்டைல் மாட்டுவேன். வாடிக்கையாளர் ஒரு திருத்தம் சொன்னால் மறுபடி முதலிலிருந்து. 7 வருடமாக இதே கதை.

தொலைபேசி எண் விவகாரத்தை மட்டும் இதன் தலையில் கட்ட மாட்டேன். அரபு எழுத்துக்குப் பின்னால் பாலக்காட்டு எஸ்டிடி கோட் 0491 போட்டு, கோடு போட்டு, எண்ணை அடித்தால் யுனிகோட் விதிப்படியே முன்பின் மாறி, 0491 வலப்பக்கம் போய்விடும். ஒரு நிக்காஹ் பத்திரிகை 500 பிரதி அப்படியே அச்சாகி, உஸ்தாத் (மதரஸா ஆசிரியர்) வந்து கேட்டபோதுதான் பார்த்தேன். எண்ணுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு இட-வலக் குறியைச் செருகினால் சரியாகிவிடும். இன்செர்ட் மெனுவிலேயே இருக்கிறது. அன்று எனக்குத் தெரியாது. 500-ம் என் செலவு.

சரி, நண்பனுக்கு என்ன சொன்னேன்? போடாதே என்றேன். மாதச் சந்தா கட்ட முடிந்தால் இன்டிசைன் மென்பொருளின் மத்திய கிழக்குப் பதிப்புக்குப் போ என்றேன். முந்தின ராத்திரி ஒன்றரை மணி வரை எறும்புகளைப் பிடித்துக்கொண்டிருந்தவன் வேறென்ன சொல்வான்? அவன் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. "உன் டெம்ப்ளேட்டை அனுப்பு" என்றான். 7 வருட ஸ்டைல்கள் அதில் இருக்கின்றன. கையில் இருக்கும் மதரஸா மலர் வேலை முடியட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறேன்.