தையல்காரன் காலில் ரத்த உறைவுத் தடுப்பு ஸ்டாக்கிங்ஸ்: இரண்டு வாரம் போட்டுப் பார்த்தது

வலது முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆர்த்ரோஸ்கோபி, அதாவது துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை, செய்துகொண்டேன். இரண்டு சின்னத் துளை, அன்று மாலையே வீடு. கிளம்பும்போது ஒரு அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்க, முழங்காலுக்குக் கீழ் வரை போடும் வெள்ளை ஸ்டாக்கிங்ஸ். முப்பது வருடமாகத் தையல் மெஷின் முன் உட்காருகிறவன் நான். காலில் மாட்டின துணியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருக்க முடியுமா?

முதல் குறை அளவு. ஆளை மேலும் கீழும் பார்த்து "மீடியம்" என்று கொடுத்துவிட்டார்கள். டேப்பே எடுக்கவில்லை. இது கணுக்காலில் நன்றாக இறுக்கி, மேலே போகப் போக இறுக்கம் குறைகிற துணி. கணுக்காலில் 18 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. அளவு தப்பினால் அந்தக் கணக்கும் தப்பு. என் கெண்டைக்கால் தடிமன். மாலைக்குள் மேல்பட்டை சுருண்டு இறங்கி, கயிறு கட்டினதுபோல ஒரு வளையமாக நின்றது. கழற்றினால் தோலில் பள்ளம். ரத்தம் மேலே ஏற உதவ வேண்டிய துணியே வழியை மறித்தால் எதற்கு அதைப் போடுவது?

மறுநாள் காலை, படுக்கையை விட்டு இறங்கும் முன், வீக்கம் ஏறுவதற்குள் நானே அளந்தேன். கணுக்காலில் மெலிந்த இடம், கெண்டைக்காலில் தடித்த இடம், குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை நீளம். பெட்டியின் பின்பக்க அட்டவணைப்படி நான் லார்ஜ். மாற்றி வாங்கின பிறகு சுருளவே இல்லை.

துணியில் குறை சொல்ல முடியாது. உள்பக்கம் உறுத்துகிற தையல் கிடையாது, குதிகால் எங்கே உட்கார வேண்டும் என்று பின்னலிலேயே காட்டியிருக்கிறார்கள். விரல் பக்கம் ஒரு திறப்பு. விரல் நீலமாகிறதா, சில்லிடுகிறதா என்று பார்க்க அது. போடுவதுதான் மல்யுத்தம். பாதத்தில் வழுக்குகிற பிளாஸ்டிக் உறை ஒன்றை மாட்டி, அதன்மேல் ஏற்றிவிட்டு, உறையை விரல் திறப்பு வழியாக உருவிவிட்டால் வேலை சுலபம். தினமும் ஒருமுறை கழற்றிக் கழுவி, தோலைப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினேன்.

ஆனால் இந்த ஸ்டாக்கிங்ஸை நம்பி மட்டும் படுத்துக்கிடக்கக் கூடாது. "ஊசி போட வேண்டாமா?" என்று மருத்துவரிடம் கேட்டேன். நெதர்லாந்தில் செய்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்றைச் சொன்னார். ஆர்த்ரோஸ்கோபி செய்துகொண்ட சுமார் 1,500 பேரில் ஒரு பாதிக்கு 8 நாள் உறைவுத் தடுப்பு ஊசி, மறுபாதிக்கு ஒன்றுமில்லை. தொந்தரவு தரும் உறைவு ஊசி போட்டவர்களில் 0.7 சதவீதம், போடாதவர்களில் 0.4. அதனால் எல்லாருக்கும் ஊசி அவசியமில்லை என்றார். ஏற்கெனவே உறைவு வந்தவர், குடும்பத்தில் அது இருப்பவர், புற்றுநோய் உள்ளவர், கருத்தடை மாத்திரை எடுப்பவர் என்றால் கணக்கு வேறு. அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமாம். என் அண்ணிக்கு ஒருமுறை உறைவு வந்திருக்கிறது. அவருக்கு அறுவை சிகிச்சை என்றால் இதே பதில் கிடைக்காது.

அப்புறம் அவர் சொன்ன பயிற்சியைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். பாதத்தை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும், மணிக்கு ஒருமுறை. அதாவது மெஷின் மிதிக்கிறது! கெண்டைச் சதை சுருங்கும்போதுதான் கீழே தேங்கின ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. படுத்தபடியே மிதித்தேன், அன்று இரவே ஊன்றுகோலோடு நடக்கவும் தொடங்கினேன்.

ஆறாம் நாள் ஒரு பயம். கெண்டைக்காலில் வலி, தொட்டால் சூடு, இடதுகாலை விட ஒரு அங்குலம் பெரிதாக டேப்பில் வந்தது. தேய்த்துவிடவில்லை, நேராகப் போய், ரத்த ஓட்டத்தைக் காட்டுகிற டாப்ளர் ஸ்கேன் எடுத்தேன். உறைவு இல்லை, மூட்டில் கசிந்த ரத்தம் கீழிறங்கிக் கட்டியிருந்தது. இதோடு திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்திருந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒன்று, காலுக்கு ரத்தம் போகும் தமனியில் அடைப்பு உள்ளவர்கள் இதைப் போடவே கூடாது என்கிற எச்சரிக்கையைப் பொடி எழுத்தில் போட்டதற்கு. எனக்குப் பாதத்தில் நாடி பார்த்த பிறகுதான் மருத்துவர் சம்மதித்தார்.

பதினான்காம் நாள் ஒன்றைக் கத்தரியால் பிளந்து பார்த்தேன். நைலான் சுற்றின எலாஸ்டிக் நூலை வரிசைக்கு வரிசை பின்னலோடு ஓட்டியிருக்கிறார்கள். கணுக்கால் பக்கம் இழுத்தால் முறுக்கு இன்னும் அப்படியே இருந்தது.