ராட்வைலர் வீட்டு நாயா? எங்கள் ஏழு வருட அனுபவம்

"காவலுக்கு ஒரு ராட்வைலர் வாங்கலாமா?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதைத்தான். எங்கள் வீட்டில் அம்மா இருக்கிறார், அதனால் சரிப்பட்டது.

கேட்டில் கட்டிப்போட இந்த இனம் லாயக்கில்லை. ஜெர்மனியில் ராட்வைல் ஊர்க் கசாப்புக்கடைக்காரர்கள் மாடு ஓட்டவும் வண்டி இழுக்கவும் வளர்த்தது. நாளெல்லாம் மனிதனோடேயே இருந்த பழக்கம் இன்னும் போகவில்லை. எங்கள் செல்லி, அம்மா சமைத்தால் சமையலறை வாசலை அடைத்துப் படுத்துக்கொள்ளும். அவர் வெளியே வந்தால் காலில் மொத்த உடம்பையும் சாய்த்து நிற்கும். எடை 42 கிலோ. அம்மா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கொஞ்சுவார். காதுக்குப் பின்னால் சொறிந்தால் தொண்டைக்குள் 'உர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அது கோபமில்லை, சுகம். வருகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் காபி ஆறிவிடும்! உடம்பு விறைத்து, பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நின்றால்தான் நாம் உஷாராக வேண்டும்.

காவலைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. இரண்டு வயதுக்குள் தானாக வந்துவிட்டது. சிலிண்டர்காரர், தண்ணீர் கேன் போடும் தம்பி என்று யார் வந்தாலும் தன் பாயில் போய் உட்காரத்தான் குட்டியிலிருந்தே பழக்கினோம். அடித்துப் பழக்கும் டிரெய்னர் பக்கமே போகாதீர்கள். அண்ணன் பிள்ளைகள் வந்தால், எவ்வளவு சாதுவாக இருந்தாலும், பெரியவர் இல்லாமல் அதோடு தனியே விடுவதில்லை.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய பிறகு, எங்கள் தெருவிலும் பார்வை மாறிவிட்டது. தெருக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. வாய்மூடி போடாமல் இப்போது வெளியே கூட்டிப்போவதில்லை. அதற்கு முன்பே, மார்ச்சில், மத்திய அரசு ராட்வைலர் உட்பட 23 நாய் இனங்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்தது. உங்கள் ஊரில் லைசென்ஸ் கிடைக்குமா என்று விசாரித்த பிறகே குட்டிக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

கறுப்பு ரோமம், நம் சித்திரை வெயில் ஆகாது. விடிவதற்குள் நடை முடிந்துவிட வேண்டும். தோட்டக் காவல் மட்டும்தான் தேவை என்றால் நம் நாட்டு நாய் இனமான கோம்பையே போதும் என்பேன்.

குட்டி வாங்கும்போது தாய், தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரே கேளுங்கள். இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் சகஜம். கொழுகொழுவென்று வளர்க்காதீர்கள். வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு என்பதால் சாப்பாட்டை இரண்டு வேளையாகப் பிரித்துத் தருகிறோம், சாப்பிட்டதும் ஓட விடுவதில்லை. எல்லாம் சரியாகப் பார்த்தாலும் ஆயுள் எட்டிலிருந்து பத்து வருடம்தான்.

இன்னொன்று, ஊருக்குப் போவது. நாய் ஹாஸ்டலில் இனத்தின் பெயரைச் சொன்னதுமே இடமில்லை என்றார்கள். சொந்தக்காரர்களும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் எங்களில் ஒருவர் வீட்டில் தங்கிவிட, மற்றவர்கள் மொய் வைத்துவிட்டு வருகிறோம்.