16 இஆர் ஏஜி60 த்ரெடிங் இன்சர்ட்: சாதா லேத்துக்கு வாங்கலாமா?

ஹோல்டரில் மாட்டி மரை வெட்டும் கார்பைடு துண்டுதான் இந்த இன்சர்ட். ஒரே இன்சர்ட்டில் 0.5 முதல் 3 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையிலான தூரம்) வரை வெளி மரை போடலாம் என்பதால் டூல் கடையில் முதலில் இதைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். முனை மூன்று. ஒன்று மழுங்கினால் திருப்பி மாட்டினால் போதும். கிரைண்டரில் நின்று 60 டிகிரி மரைக் கோணம் பிடிக்கும் வேலை மிச்சம். பல பிட்ச் கலந்து வரும் ரிப்பேர் பட்டறைக்கு தாராளமாக வாங்கலாம்.

ஆழத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 0.5 பிட்ச்சுக்கும் இறங்க வேண்டும் என்பதால் இதன் மூக்கு மிகக் கூர்மை. எம்20×1.5 மரைக்கு (20 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. பிட்ச்) அட்டவணை சொல்லும் ஆழம் 0.92 மி.மீ. அங்கேயே நிறுத்தினால் நட் ஏறாது; 1.05 தாண்டி இறக்கினால்தான் பக்கச் சரிவுகள் அளவுக்கு வரும். அப்போது பள்ளத்தின் அடி கூராகிவிடும். இழுவை வாங்கும் ஷாஃப்ட்டில் விரிசல் விழுவது அங்கேதான். அதே பிட்ச் தொடர்ந்து வந்தால், அந்த ஒரு பிட்ச்சுக்கே உரிய 16 இஆர் 1.5 ஐஎஸ்ஓ இன்சர்ட் வாங்குங்கள். அது மரையின் தலையையும் சேர்த்துச் சீவும், பிசிறு நிற்காது. வெளிவிட்டத்தில் 0.1 மி.மீ. கூடுதலாக விட்டுவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நட்டை மாட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மரைப் பள்ளங்களில் 0.866 மி.மீ. கம்பி மூன்று வைத்து மைக்ரோமீட்டரில் பிடித்தால், எம்20×1.5 6ஜிக்கு (வெளி மரைக்கு வழக்கமான டாலரன்ஸ்) 20.15க்கும் 20.29 மி.மீ.க்கும் நடுவே வர வேண்டும்.

அடுத்தது வேகம். 20 மி.மீ. ராடை 80 ஆர்பிஎம்மில் ஓட்டினால் நிமிடத்துக்கு 5 மீட்டர்தான். கார்பைடுக்கு அது போதாது. மைல்டு ஸ்டீல் முனையில் ஒட்டி, மரை கிழிந்து வரும். 400க்கு ஏற்றினால் டூலைச் சுமக்கும் கேரேஜ் நொடிக்கு 10 மி.மீ. ஓடும். மரை முடியும் இடத்தில் விடும் 3 மி.மீ. பள்ளமான அண்டர்கட்டை அரை நொடிக்குள் தாண்டி, ராடு தடிக்கும் படியான ஷோல்டரில் இடித்துவிடும். டூலைக் கவிழ்த்துக் கட்டி, ஸ்பிண்டிலை ரிவர்ஸில் விட்டு, அண்டர்கட்டிலிருந்து சக்கை விட்டு விலகி டெயில்ஸ்டாக் பக்கம் வெட்டுவது நல்ல வழி. ஆனால் மரையில் முடுக்கும் சக் உள்ள லேத்தில் இது கூடவே கூடாது, சக் கழன்று வரும்.

வெட்டில் இருக்கும்போதே லேத்தை நிறுத்தினால் முனை பொடிந்துவிடும். ஹோல்டரோடு வரும் 1.5 டிகிரி ஷிம் (இன்சர்ட்டுக்கு அடியில் வைத்துச் சாய்வு தரும் தகடு) எம்20×1.5க்குச் சரி, அதே 20 மி.மீ. விட்டத்தில் 2.5 பிட்ச்சுக்கு ஷிம்மை மாற்றாவிட்டால் பக்கம் உரசும். ஷோல்டர் வரை போட வேண்டிய ஒற்றை ஜாப்புக்கு, 60 ஆர்பிஎம்மில் கட்டிங் ஆயிலோடு ஹெச்எஸ்எஸ் (ஹைஸ்பீடு ஸ்டீல்) பிட்டே சுத்தமாக முடிக்கும்.