லாஜிக் புரோவின் பேஸ் பிளேயர்: தாளத்துக்கு நம்பலாம், ராகத்துக்கு நாம்தான் காது கொடுக்க வேண்டும்

வீட்டிலேயே தமிழ்ப் பாட்டு தயாரிக்கும்போது கடைசியில் மாட்டிக்கொள்வது பேஸ், அதாவது பாட்டின் தாழ்ந்த அடித்தளச் சுரவரிசைதான். தாளத்துக்கு லூப் கிடைக்கும், மெட்டுக்குப் பாடகர் கிடைப்பார், பேஸை மட்டும் கீபோர்டுக்காரர் இடது கையால் ஒப்பேற்றிவிடுவார். ஆப்பிள் 2024 மே மாதம் தன் இசைத் தயாரிப்பு மென்பொருளான லாஜிக் புரோ 11-இல் சேர்த்த, பேஸைத் தானாக வாசிக்கும் பேஸ் பிளேயர் இந்தக் குறைக்காக வந்தது. ஏற்கெனவே மேக்கில் லாஜிக் வாங்கியவர்களுக்கு இது இலவசம்.

வேலை எளிது. பாட்டின் கார்ட்களை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை) கார்ட் டிராக்கில் வரிசையாக இடுங்கள். எட்டு வகை வாசிப்பாளர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, காம்ப்ளெக்சிட்டி (வாசிப்பின் சிக்கல்), இன்டென்சிட்டி (அழுத்தம்) இரண்டையும் நகர்த்துங்கள். ஸ்லைடு (வழுக்கல்), மியூட் (அடக்கிய ஒலி), டெட் நோட் (சுரமில்லாத தட்டல்) ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு உண்டு. வேறொரு டிராக்கின் தாளத்தைப் பின்பற்றச் சொன்னால் கிக் டிரம்மோடு நன்றாகவே ஒட்டிக்கொள்கிறது. இந்த ஒரு வசதிக்காகவே இதை மனதாரப் பரிந்துரைக்கலாம். காம்ப்ளெக்சிட்டியைப் பாதிக்குக் கீழேயே வையுங்கள். அதற்கு மேல் போனால் பாடகருக்கு இடமே இருக்காது.

சிக்கல் சுரங்களில் வருகிறது. மோகன ராகத்தில் ஒரு மெட்டு, ஸ என்பது மேற்கத்திய சுரமான சி. ராகத்தில் இருப்பவை ஸ ரி க ப த மட்டும். அதற்கு சி, ஏ மைனர், எஃப், ஜி என்று நான்கு கார்ட் போடுகிறோம். எஃப் வந்ததும் பேஸ் அதன் மூலச் சுரமான ம-வில் உட்காரும். பாடகர் அந்த நேரம் க-வில் நின்றால் இரண்டும் உரசும், மோகனத்தின் மிதப்பும் போய்விடும். ஜி-யிலிருந்து சி-க்கு ஏறும்போது நி வழியாகப் போனாலும் அதே கதைதான். இதைக் கருவியின் பிழை என்று சொல்ல முடியாது. அதற்குக் கிடைப்பது கார்ட் மட்டும், ராகம் இன்னது என்று சொல்ல அங்கே இடமில்லை.

தீர்வு கார்ட் டிராக்கிலேயே இருக்கிறது. எஃப் கார்டுக்கு அடிச்சுரமாக ஏ-யைக் கொடுங்கள். பேஸ் த-வில் நிற்கும். முந்தைய ஏ மைனரும் த-வில்தான் தொடங்குகிறது என்பதால் இரண்டு பார்களுக்கு (தாளச் சுற்றுகளுக்கு) அடித்தளம் அசையாது, மேலே கார்ட் மட்டும் நிறம் மாறும். பிறகு அந்தப் பகுதியை மிடியாக (சுரம் சுரமாகத் திருத்தக்கூடிய வடிவமாக) மாற்றி, கடைசி ஏற்றத்தைப் ப-த-ஸ என்று கையால் திருத்துங்கள். இசைத் தியரி தெரிந்தவருக்கு இது இரண்டு நிமிட வேலை. தெரியாதவர் ‘ஏதோ இடிக்கிறது’ என்று கண்ட சுரத்தையெல்லாம் மாற்றிக்கொண்டிருப்பார்.

அதற்காகத் தியரியை வைத்தே பேஸ்லைன் எழுதிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். எந்தச் சுரம் பொருந்தும் என்று அது சொல்லும், எங்கே வாசிக்காமல் விடுவது என்று சொல்லாது. பேஸ் பிளேயரை மியூட் செய்துவிட்டு நான்கு பார்களைச் சுழலவிட்டு, வாயால் பேஸைப் பாடிப் பதிவு செய்யுங்கள். மூச்சு வாங்கும் இடங்களில் தானாக இடைவெளி விழும். அந்தத் தாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு சுரங்களை மட்டும் சரிபாருங்கள். பாடியது எல்லாப் பாரிலும் மூலச் சுரத்திலேயே விழுகிறதா? அப்போது தியரியைக் கூப்பிடுங்கள். ஓரிரு இடங்களில் கார்டின் மூன்றாவது அல்லது ஐந்தாவது சுரத்தை வைத்துப் பாருங்கள்.

உறுமி சேரும் பாட்டுகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். உறுமியின் தேய்ப்பு ஓசை தாழ்ந்த ஒலியில் வழுக்கிக்கொண்டே போகும். அதே நேரத்தில் பேஸ் நீண்ட சுரம் பிடித்தால் இரண்டும் குழம்பிக் கூழாகிவிடும். சுரங்களைக் குறுக்கி, உறுமி ஓய்ந்த இடத்தில் பேஸை வையுங்கள். பேஸ் பிளேயர் இதைத் தானாகச் செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டில் தாழ்ந்த ஒலி சுவர் தாண்டிப் போகும் என்பதால் பெரும்பாலும் ஹெட்போனில்தான் வேலை. அதில் மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். நான்கு கம்பி பேஸின் மிகத் தாழ்ந்த இ சுமார் 41 ஹெர்ட்ஸ். கைப்பேசி ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது. லேசாக சாச்சுரேஷன் (ஒலிச்சிதைவு) சேர்த்தால் மேல் ஓசைகள் எழும்பி, எம்ஆர்டி ரயிலில் கைப்பேசியில் கேட்பவருக்கும் பேஸ் எங்கே போகிறது என்று புரியும்.

மேடையில் ஆள் வாசிக்கப்போகிறார் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். மிடியில் எந்தச் சுரத்தையும் எழுதலாம், ஆனால் நான்கு கம்பி பேஸில் இ-க்குக் கீழே எதுவும் கிடையாது. சுருதி டி என்றால் தாழ்ந்த ஸ அவர் கைக்கு எட்டாது. ஐந்து கம்பி பேஸ் இருக்கிறதா, அல்லது கீழ்க்கம்பியை டி-க்கு இறக்குவாரா என்று ஒத்திகைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.