தடித்த ரேடியேட்டரும் சில்க் போர்டு சிக்னலும்: பத்து மாத அனுபவம்

"நீ போட்ட அலுமினிய ரேடியேட்டர் எப்படிடா இருக்கு, நானும் வாங்கட்டுமா?" என்று நேற்று நண்பன் கேட்டான். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை.

என் கார் 2 லிட்டர் டர்போ பெட்ரோல். பழைய ரேடியேட்டரில் பிளாஸ்டிக் டேங்க் கோரோடு (காற்று புகுந்து குளிர்விக்கும் நடுப்பகுதி) சேரும் மடிப்பில் கூலன்ட் (இன்ஜின் சூட்டை இழுத்துவரும் திரவம்) கசிய ஆரம்பித்தது. பெங்களூரு ஜே.சி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, டேங்க் உட்பட முழுக்க அலுமினியத்தில் வெல்டிங் செய்த ஒன்றை வாங்கினேன், கோர் 40 மி.மீ. தடிமன். மடிவாளா மெக்கானிக் அண்ணன் கையில் வாங்கியதுமே சொன்னார்: "தம்பி, இது தடி, ஃபேன் கவர் உக்காராது." நான்தான் கேட்கவில்லை.

அவர் சொன்னது போலவே, ரேடியேட்டரின் பின்னால் ஃபேனைச் சுற்றி மூடும் அந்தக் கவரின் கீழ்ப்பக்க கிளிப் இரண்டும் எட்டவில்லை, விரல் நுழையும் இடைவெளி. கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டினோம். இந்த இடைவெளிதான் பத்து மாதமாக என் உயிரை வாங்குகிறது. ஓடும்போது காற்று தானாக முட்டிக்கொண்டு உள்ளே வரும், ஆனால் சிக்னலில் நிற்கும்போது ஃபேன் ஒன்றுதான் கதி. அந்த ஃபேனோ தடித்த கோர் வழியாக இழுக்காமல், சுலபமாகக் கிடைக்கிற இடைவெளி வழியாக இன்ஜின் பக்கத்துச் சூட்டையே திரும்ப இழுக்கிறது. சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் முன்பு கூலன்ட் சூடு 98 டிகிரி காட்டியது இப்போது 105. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சுற்றிலும் ஃபோம் பட்டை ஒட்டினேன், 101க்கு இறங்கியது. மழையில் நனைந்து பட்டை பிய்ந்துவிடுகிறது, இரண்டு முறை மாற்றியாயிற்று.

105 என்றால் பயப்பட வேண்டாம், கூலன்ட்டும், அதை அழுத்தத்தில் வைத்திருக்கும் பிரஷர் மூடியும் சரியாக இருந்தால் கொதிக்காது. வெறும் தண்ணீர் ஊற்றி மூடியும் பழுது என்றால் கதை வேறு. சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் தண்ணீர் 97லேயே கொதித்துவிடும்.

நியாயமாகச் சொன்னால், நெடுஞ்சாலையில் இதற்கு ஈடில்லை. மே மாத மதியம், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஏசியோடு நான்கு பேர் ஏறி வந்தோம், முள் 90ஐத் தாண்டவில்லை. பழையதில் அதே ஏற்றத்தில் நான் ஏசியை அணைத்திருக்கிறேன். வெல்டிங்கில் ஒரு சொட்டுக் கசிவும் இல்லை.

ஆனாலும் நீ வாங்காதே. நீ தினமும் போவது ஊருக்குள் நெரிசலில் ஒயிட்ஃபீல்டுக்கு, கிருஷ்ணகிரிக்கு இல்லை. பழைய தடிமனிலேயே ஒன்றைத் தேடு, கடையில் பணம் கொடுக்கும் முன்பு ஃபேன் கவரைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார். என்னுடையதை நான் கழற்றப் போவதில்லை. அடுத்த வாரம் கவருக்குத் தகர பிராக்கெட் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.